நோக்குதலும் நடிப்பும்: லூயி மாலின் ஆவணப்படத் தொடர்

உற்றுநோக்கப்படாதபோது மக்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதை உற்றுநோக்கியே அறிய வேண்டியுள்ளது. மொழியியல் களப்பணியின் இவ்விடர்ப்பாட்டை வில்லியம் லபோவ் 'நோக்குநர் முரண்' எனக் குறித்தார். ஆவணப்படத்திற்கும் இம்முரண் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1968-இல் இந்தியாவில் படமாக்கி, 1969-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வெளியான ஏழு பகுதித் தொடர் இதற்குத் தக்க சான்றாகும்.

ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர் ஆகிய இருவருடன் மால் எழுத்துப்படி ஏதுமின்றிப் பயணம் செய்தார். முதற்பகுதிக்கு 'இயலாத காமிரா' என்று பெயரிட்டார். காமிராவை நேர்நோக்கும் ஊர் மக்களின் பார்வைகள் அதில் வெட்டப்படாமல் இடம்பெற்றன. நோக்குவோரின் இருப்பு இவ்வாறு மறைக்கப்படாது பதிவாயிற்று. சென்னை பற்றிய இரண்டாம் பகுதியில் கலாக்ஷேத்திரத்தின் நடனப் பயிற்சியும், 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பும் காணப்படுகின்றன. நடிப்பே தொழிலாகிய இடத்தில் உண்மை பற்றிய ஐயம் எழுவதில்லை. அன்றாட வாழ்வைக் காட்டுமிடத்தே அது எழுகிறது.

'இந்தியச் சமுதாயத்தின் விளிம்பில்' என்னும் ஆறாம் பகுதியில் கொச்சி யூதர் இடம்பெறுகின்றனர். கொச்சங்காடியில் 1344-இல் எழுந்த தொழுகைக்கூடத்தின் எபிரேயக் கல்வெட்டு, மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசித் தொழுகைக்கூடத்தில் பதிக்கப்பட்டுள்ளது. அக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழா 1968 டிசம்பரில் நடைபெற்றது. பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். நினைவு அஞ்சல்தலையும் வெளியாயிற்று. ஒரே ஆண்டில் ஒரே சமூகம் விழாவில் நாட்டின் பெருமையாகவும், படத்தில் சமுதாயத்தின் விளிம்பாகவும் காட்டப்பெற்றது. விழா தன்னை விழா என்றே அறிவித்துக்கொள்கிறது. உற்றுநோக்கும் படமோ, தன் தேர்வைத் தலைப்பிலும் காட்சி வரிசையிலும் பொதிந்து வைக்கிறது.

1970-இல் பி.பி.சி. இத்தொடரை ஒளிபரப்பியபோது இந்திய அரசு கடும் எதிர்ப்புத் தெரிவித்தது, பி.பி.சி.யின் தில்லி அலுவலகம் மூடப்பட்டது. சர்ச்சை எழுந்தது காட்சிகள் பொய் என்பதால் அன்று. எவை தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதாலேயாம்.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தொடர் முழுவதும் மாலின் தன்மையிட வர்ணனையே வழிநடத்துகிறது. அது நோக்குநர் யார் என்பதை ஒளிக்கவில்லை. ஆயினும், நோக்கப்பட்டோரின் சொற்களைப் பல இடங்களில் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. முகம் பதிவாகிப் பேச்சு மங்கும்போது, பார்ப்பவர் பெறுவது பேசியவரின் கருத்தன்று, விளக்குபவரின் கருத்தே. எனவே, நோக்குநரின் தலையீடு வெளிப்படையாதல் உண்மைக்கு முதற்படியே. பேசியவரின் மூலச்சொல் கேட்கும்படி நிற்றலும் அதற்கு இன்றியமையாதது.