மார்கழி மழையும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் ஆட்சியாளரையும் வணிகரையும் போற்றுவர். மழையை நினைப்போர் மிகச் சிலரே. கோலாலம்பூரின் வரலாற்றையோ மழையை விடுத்து எழுதுதல் இயலாது. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தருகே, 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடி வந்தவர்களால் தோன்றிய ஊர் அது. 'சேற்றுக் கூடுதுறை' என்பதே அதன் பெயருக்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள்.

1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும், இறுதியில் வெள்ளமும் அவ்வூரை அழித்தன. அத்தாப்புக் கூரைகளை அகற்றிச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுமாறு பிராங்க் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். அதன்பொருட்டுச் செங்கற்சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னாளில் இரயில்வேத் தொழிலாளராகவும் எழுத்தராகவும் வந்த தமிழர் பலர் குடியேறியதும் அந்த ஆற்றோர மண்ணில்தான்.

இப்பள்ளத்தாக்கில் இருவகை வெள்ளங்கள் உண்டு. பருவக்காற்று மாறும் சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை கொட்டித் திடீர் வெள்ளத்தை உண்டாக்கும். அது சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மற்றது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்துப் பெருவெள்ளம். தித்திவங்சா மலைத்தொடர் அக்காற்றைத் தடுப்பதால் அதன் கடுமை கிழக்குக் கரைக்கே உரியது என்பது பொதுவான எண்ணம். வரலாறோ வேறு சொல்கிறது. 1881 டிசம்பர், 1926 டிசம்பர், 1971 ஜனவரி, 2021 டிசம்பர் ஆகிய பெருவெள்ளங்கள் யாவும் மார்கழியை ஒட்டியே வந்தன.

ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் மனிதன் ஆற்றைத் திருத்தினான். 1926க்குப் பின் அதன் போக்கு நேராக்கப்பட்டது. 1971இல் தலைநகரில் 32 உயிர்கள் மாண்டன. துன் அப்துல் ரசாக் அதனைத் தேசியப் பேரிடராக அறிவித்தார். அதன்பின் வெள்ளத் தணிப்புப் பணி வடிகால் நீர்ப்பாசன இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள 'ஸ்மார்ட்' சுரங்கம் திறக்கப்பட்டது. சாதாரண நாளில் வாகனம் செல்லும் அதன் பகுதி, பெருவெள்ளத்தின்போது மூடப்பட்டு நீர்வழியாகும்.

எனினும் அக்காப்பு நகரின் நடுப்பகுதிக்கே உரியது. 2021 டிசம்பரில் தென்சீனக் கடலில் தோன்றிய தாழ்வு மண்டலம் தீபகற்பத்தின் குறுக்கே நகர்ந்தது. ஒரு மாத மழை ஒரே நாளில் பெய்ததாக அதிகாரிகள் கூறினர். ஆற்றின் கீழ்ப்பகுதியில், கிள்ளானை அடுத்துள்ள ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர்.

நாளைய மழையைக் கூறுவது வானிலை அறிக்கை. அந்த நீர் எங்கே தேங்கும் என்பதைக் கூறுவது ஊரின் வரலாறு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் சமுதாயமே மார்கழியை அச்சமின்றி எதிர்கொள்ளும். ஆதலின், தம் ஊரில் எந்த ஆண்டில் எத்தனை அடி நீர் நின்றது என்பதை முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல், மாணவர் செய்யத்தக்க நல்லதொரு வரலாற்றுப் பணியாகும்.