கோப்பு வகைச் சின்னம்

இணையதளப் பட்டியலில் கோப்பின் பெயருக்கு முன்னால் நிற்கும் சிறு படம். சொடுக்கினால் வரப்போவது இன்னொரு பக்கமா, பிடிஎஃப் ஆவணமா, ஜிப் தொகுப்பா என்பதை முன்கூட்டியே காட்டுவது இதன் வேலை. பெயரின் வால்பகுதியே வகையைச் சொல்லிவிடும்போது படம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அப்பாச்சி வழங்கி தானாகத் தயாரிக்கும் கோப்புறைப் பட்டியலைப் பார்த்தால் விடை கிடைக்கும். பெயர்ப் பத்தியின் இயல்பு அகலம் 23 எழுத்துகள்தான். அதற்கு நீண்ட பெயர் வெட்டுப்படும், முதலில் போவது அந்த வால்தான். மிஞ்சுவது சின்னம் மட்டுமே. இனம் தெரியாத கோப்புக்குக் கேள்விக்குறி போட்ட தாள் படம் வரும்; அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

ஆனால் சின்னத்தைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. வழங்கி பொதுவாகக் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை, பெயரின் வாலை வைத்தே படத்தைத் தேர்கிறது. ஜிப் கோப்புக்கு டிஎக்ஸ்டி என்று பெயர் மாற்றினால் எழுத்துத்தாள் சின்னமே வந்து நிற்கும். பார்வையற்றோருக்குப் படம் பயன்படாது என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதற்கும் வழியுண்டு: படத்துக்கு மாற்றுரை தரலாம். லிங்ஸ் போன்ற எழுத்து உலாவியில் படத்தின் இடத்தில் அந்தச் சொல்தான் தெரியும். மாற்றுரையை விட்டுவிட்டுச் சின்னத்தை மட்டும் பதிப்பது அரைகுறை வேலை. இணைப்பிலேயே “ஆண்டறிக்கை, பிடிஎஃப், 4 எம்பி” என்று எழுதிவிட்டால், சின்னம் கண்ணுக்கு ஒரு வசதியாக மட்டும் இருந்தால் போதும்.