அலை கற்பிப்பதும் பாய் கற்பிப்பதும்



பலகையின்மீது நின்று கடலலையில் வழுக்கி வருவது அலைச்சறுக்கு. பாய் விரித்த தரையில் எதிராளியைக் கட்டி மடக்குவது பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சு. ஒன்று நீருக்குரியது; மற்றொன்று நிலத்துக்குரியது. இவ்விரண்டுக்கும் உறவு ஏது என வினவுவீர்கள். வரலாறு விடை கூறும்.

அலைச்சறுக்கின் தாயகம் பசிபிக் மாக்கடலின் தீவுகளாகும். ஹவாய் மக்கள் பலகையில் அலையேறி வந்த காட்சியைக் கேப்டன் குக்குடன் சென்ற ஜேம்ஸ் கிங் 1779-இல் வியந்து எழுதிவைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் நலிவுற்ற அக்கலை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் தழைத்தது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்ற ஹவாய் வீரர் டியூக் கஹனமோகு அதனைப் பிற நாடுகளிலும் செய்துகாட்டிப் புகழ் பரப்பினார்.

1914-இல் மித்சுயோ மயெதா என்னும் ஜப்பானியர் பிரேசிலில் கால்வைத்தார். ஜிகோரோ கானோ 1882-இல் நிறுவிய கொடோகன் பள்ளியில் பயின்றவர் அவர். பின்னர் அமேசான் ஆற்று முகத்தை அடுத்த பெலெம் நகரில் குடியேறினார். அங்கே இக்கலையைக் கற்ற கார்லோஸ் கிரேசி, ரியோ டி ஜனேரோவில் தம் தம்பி ஹெலியோ முதலியோருடன் அதனை வளர்த்தார். உடல் வலிமையைவிட நெம்புகோலின் நுட்பத்தையே நம்பும் முறையாக அது உருப்பெற்றது.

ரியோவோ கடலை முற்றமாகக் கொண்ட நகரம். கோப்பகபானா, இபனேமா கடற்கரைகளுக்கு இடையேயுள்ள ஆர்ப்போவடார் பாறைமுனையருகே 1960-களில் இளைஞர்கள் அலைச்சறுக்குப் பழகினர். கிரேசி குடும்பத்தின் ரிக்சன் போன்றோர் இரு கலைகளிலும் ஈடுபட்டனர். பிற்காலத்தில், 1998-இலும் 2004-இலும் நீள்பலகைச் சறுக்கில் உலகப் பட்டம் வென்ற அமெரிக்கர் ஜோயல் டியூடர், ஜியு-ஜிட்சுவிலும் கறுப்புப் பட்டை பெற்றார்.

இப்பொருத்தத்தின் காரணம் யாது? இரண்டிலும் முழங்கால் மடிந்திருக்க வேண்டும். உடலின் எடை தாழ்ந்திருக்க வேண்டும். இடுப்பு எளிதில் திரும்ப வேண்டும். அலையைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. அதன் வேகத்துக்கு ஈடாகத் துடுப்பிடுவதுபோல் கைவீசிச் சென்றால் அதுவே நம்மைச் சுமக்கும். எதிராளி தள்ளும்போதும், அவன் விசையையே அவனைச் சாய்க்கும் கருவியாக்கலாம்.

இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. அலை கவிழ்த்து நீருக்குள் அமுக்குகையில் பதறித் துடிப்பவனின் மூச்சு விரைவில் தீர்ந்துவிடும். உடலைத் தளர்த்தி அமைதி காப்பவனுக்கு மேலெழும் வாய்ப்பு மிகுதி. கனத்த எதிராளியின் அடியில் சிக்கியவனுக்கும் இதுவே பாடம். ஆயினும் ஒரு வேறுபாடு: பாயில் இருமுறை கையால் தட்டினால் எதிராளி விட்டுவிடுவான், கடல் அங்ஙனம் விடாது. ஆகவே, விடுதலை உறுதியான இடத்தில் அச்சத்தை ஆளப் பழகியவனுக்கு, விடுதலை உறுதியற்ற இடத்தில் அப்பழக்கம் துணைநிற்கிறது. கடலும் கைம்மாறு செய்கிறது. பட்டையின் நிறத்தை அலை அறியாது. செருக்குற்ற வீரனையும் கரையில் உருட்டி அடக்கம் கற்பிக்கிறது.

மாணவர்களே, தோல்வியைத் தட்டி ஒப்புக்கொள்ளத் தெரிந்தவன் நாளையும் பயிலலாம். கடலின் நிலை கண்டு கரையிலேயே நின்றுவிடத் தெரிந்தவன் நாளையும் நீந்தலாம். இவ்விரு அறிவும் வீரத்தின் பகுதிகளே.