கேட்கும் பொறியின் முன்வரலாறு: ‘எலைசா’ முதல் பதின்பருவத்தினருக்கான உரையாடு மென்பொருள்கள் வரை

பதின்பருவத்தினரின் மனத்துயருக்குச் செவிகொடுக்கும் ‘சாட்பாட்’ எனும் உரையாடு மென்பொருள்கள் அண்மைக்காலப் புதுமையாகவே பேசப்படுகின்றன. அவற்றின் கேட்கும் முறையோ அறுபதாண்டுப் பழமையுடையது. அம்முறை துயர் தீர்க்கும் நோக்கில் தோன்றியதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய ‘எலைசா’ பற்றிய ஆய்வுரை 1966 ஜனவரியில் வெளியானது. தட்டச்சிட்ட தொடரில் முதன்மைச் சொல்லைத் தேடி, ‘என்’ என்பதை ‘உன்’ என மாற்றி, அத்தொடரையே வினாவாகத் திருப்புவது அதன் செயல்முறை. தாயைக் குறிப்பிட்டால் குடும்பத்தைப் பற்றி மேலும் கூறச் சொல்லும். முதன்மைச் சொல் கிட்டாவிடில், மேலே பேசுமாறு பொதுவாகச் சொல்லி வைக்கும். கார்ல் ரோஜர்சின் உளவியல் நேர்காணல் முறையை வைசன்பாம் மாதிரியாகக் கொண்டமைக்குக் காரணம் பரிவன்று. உலகைப் பற்றி எதுவும் அறியாதவர்போல் ஒருவர் பேசினும் ஐயம் எழாத மிகச்சில உரையாடல்களுள் அதுவும் ஒன்று. பொறியின் அறியாமைக்கு அது தக்க மறைப்பாயிற்று.

அது வெறும் நிரல் என்பதை அறிந்திருந்த அவருடைய செயலரே, அதனுடன் தனித்துப் பேச விரும்பி அவரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னார். 1976-இல் வெளிவந்த தம் நூலில் வைசன்பாம் இதனைக் கவலையுடன் பதிவுசெய்தார். உளமருத்துவர் கென்னத் கோல்பியும் உடனாய்வாளர்களுமோ, கணினியமைப்பொன்று மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கையாளலாம் என 1966-இலேயே எழுதியிருந்தனர். பின்னாளில் வென்றது இக்கணக்கே எனலாம்.

2017-இல் வெளியான ‘வோபாட்’ ஆய்வு, 18 முதல் 28 வயதுக்குட்பட்ட 70 பேரிடம் இரு வாரம் நிகழ்ந்தது. மனச்சோர்வு குறைந்ததாக அது கூறிற்று. சிகிச்சைப் பயிற்சிகளை மனிதர் முன்னரே எழுதிவைத்த விடைகளாக வழங்கிய வகையில் வோபாட் எலைசாவினும் மேம்பட்டதே. ஆயினும் அவ்வெழுபதின்மருள் பள்ளிச் சிறுவர் எவருமிலர். மறு ஆண்டு டிசம்பரில், பாலியல் கொடுமைக்கு உள்ளாகும் சிறுமி எழுதுவதுபோல் பிபிசி சோதித்தபோது, வோபாட்டும் பெங்களூரில் தோன்றிய ‘வைசா’வும் உடனடி உதவியை நாடுமாறு கூறவில்லை. வளர்ந்தவர் தம் சூழலை ஓரளவேனும் தாமே மாற்றவியலும். சிறுவர்க்கோ யாரேனும் ஒரு பெரியவர் எழுந்து வரவேண்டும். அங்கே கேட்பவரின் அறியாமை மறைப்பாக நில்லாது, ஆபத்தாகிறது.

சோதனைக்குப் பின் வோபாட் 18 வயது வரம்பை விதித்தது. 2025-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டமோ, தம்முடன் பேசுவது மனிதரன்று எனச் சிறார்க்கு மூன்று மணிக்கொருமுறை நினைவூட்டப் பணிக்கிறது. வைசன்பாமின் செயலருக்கு அந்நினைவூட்டல் தேவைப்பட்டிருக்கவில்லை.