சாலை கேட்ட விருந்தினர்

பாங்காக் நகரில் சாலை என்பது அந்நியர் கேட்டுப் பெற்ற ஒன்று. இதனை அறிந்து செல்பவர், வாடகைக் கார் நகராமல் நிற்கும் நீண்ட பொழுதைச் சற்றே பொறுமையுடன் கழிக்க இயலும்.

1782இல் முதலாம் இராமர் தலைநகரைச் சாவோ பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது, அவ்வூரின் தெருக்கள் பெரும்பாலும் நீராகவே இருந்தன. 'க்லோங்' எனப்படும் கால்வாய்களை நோக்கியே வீடுகள் வாயில் வைத்தன. சந்தை படகேறி வந்தது. சேன் சேப் என்னும் நெடுங்கால்வாயை மூன்றாம் இராமர் 1837இல் வெட்டத் தொடங்கி 1840இல் முடித்தார். கம்போடியாவை முன்னிட்டு வியட்நாமுடன் மூண்ட போருக்குப் படையும் தளவாடமும் கொண்டு செல்வதே அதன் முதல் நோக்கம். போருக்கே படகில் சென்ற ஊர் அது.

1855இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட பௌரிங் ஒப்பந்தத்துக்குப் பின் ஐரோப்பியர் வரவு பெருகிற்று. 1861இல் அவர்தம் தூதர்கள் மன்னர் மோங்குட்டிடம் ஒரு விண்ணப்பம் அளித்தனர். குதிரையிலும் வண்டியிலும் உலாவிக் காற்று வாங்கிப் பழகிய தமக்கு இங்கே சாலையின்றி அடிக்கடி நோய் காண்கிறது என்பது அதன் சாரம். வணிகக் கணக்கும் உள்ளே இருந்திருக்கும். ஆயினும் எழுதிக் கொடுத்த காரணம் உடல்நலமே. மன்னர் இசைந்தார். 1864இல் முடிந்த சரோன் குருங் சாலையை மக்கள் 'புதுச்சாலை' என்றே அழைத்தனர். 1888இல் அதன்மேல் குதிரை இழுத்த டிராம் ஓடியது. பின்னர் மின்சார டிராம் வந்து 1968 வரை நீடித்தது.

சீலோம் சாலையின் பிறப்பு இன்னும் சுவையானது. கால்வாய் வெட்டி, அந்த மண்ணையே கரையில் கொட்டிச் சாலை அமைத்தனர். பிற்காலத்தில் சாலையை அகலப்படுத்த அக்கால்வாயையே தூர்த்தனர். பிள்ளை வளர்ந்து தாயை விழுங்கிய கதை. இருபதாம் நூற்றாண்டில் நகரமெங்கும் இதுவே நடந்தது.

கால்வாய்களை மூடிய பின்னும் அவற்றின் வடிவம் மறையவில்லை என்பதுதான் வருகையாளர் உணரவேண்டிய செய்தி. நீருக்குச் செங்குத்தாகக் கிடந்த குறுகிய நீண்ட வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாயின. ஒவ்வொன்றிலும் ஒரு 'சோய்', அதாவது சந்து, நீண்டது. பக்கத்துச் சந்தோடு அதனை இணைப்பாரில்லை. ஆகவே ஒரே முட்டுச்சந்தின் வண்டிகள் யாவும் ஒரே பெருஞ்சாலையில் வந்து கொட்டுகின்றன. சந்தின் வாயிலில் ஆரஞ்சு நிறச் சட்டையணிந்து காத்திருக்கும் வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் 1980களில் பெருகியது இந்தக் குறையினால்தான். வரைபடத்தில் இருநூறு கஜம் என்று தோன்றும் இடத்துக்கு நாம் ஒரு மைல் சுற்றிச் சென்றோம்.

1999இல் வான்ரயிலும் 2004இல் சுரங்க ரயிலும் வந்து வருகையாளரின் துயரைப் பெரிதும் தீர்த்தன. அவற்றில் செல்லும்போது நிலையப் பெயர்களைக் கவனிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். சபான் க்வாய் என்றால் எருமைப் பாலம். க்லோங் தேய் என்பதில் கால்வாய் அப்படியே இருக்கிறது. பிரதூனாம் என்னும் துணிக்கடைப் பகுதியின் பெயருக்குப் பொருள் நீர்க்கதவு. பெயர்கள் மட்டும் ஈரம் உலராமல் இருக்கின்றன.

எஞ்சிய சேன் சேப்பில் இன்றும் விசைப்படகு ஓடுகிறது. நீர் கருத்து நாறும். எதிர்ப்படகு வந்தால் பயணிகளே கயிறிழுத்துத் தார்ப்பாயை உயர்த்திக்கொள்வர். நடத்துநர் படகின் வெளிவிளிம்பில் நடந்தபடியே காசு வாங்குவார். எனினும் சாலையில் ஒரு மணி நேரம் பிடிக்கும் தொலைவை நாம் இருபது நிமிடங்களில் கடந்தோம். அலுவலகம் செல்லும் எளிய மக்களே அதில் நிறைந்திருந்தனர். சாலை கேட்டவர்களின் வழிவந்தோரை அங்கே அதிகம் காணவில்லை.

சீலோமில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலைத் தாய் மக்கள் 'வட் கேக்' என்பர். 'கேக்' என்ற சொல் இந்தியரையும் குறிக்கும், விருந்தினரையும் குறிக்கும். பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை, புதியவரே விருந்தினர். சோங் நொன்சி நிலையத்தில் இறங்கி நடந்தே கோயிலை அடையலாம். விஜயதசமி இரவில் மட்டும் வண்டியில் செல்ல எண்ண வேண்டாம். அம்மன் ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலையில் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். தாய் மக்களும் சீனரும் வீதியில் மலர்ப் பீடங்கள் அமைத்து அமர்ந்திருக்கிறார்கள்.