வாசல் என்னும் சொல்லின் பொருள்



நம் திருவரங்குளத்துத் தெருக்களில் பொழுது விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம். விருந்தினர் வந்தால் வாசலுக்கே சென்று வரவேற்கிறோம். இவ்வாறு தினமும் நாம் சொல்லும் "வாசல்" என்ற சொல்லின் பொருளைச் சற்றே சிந்திப்போம்.

வாசல் என்பது "வாயில்" என்பதன் திரிபு. உயிர் என்பது பேச்சில் உசிர் ஆவது போல, வாயில் வாசல் ஆயிற்று. இல்லத்தின் வாய், அதாவது "இல்வாய்" என்பதே முன்பின்னாக மாறி வாயில் ஆனது. இல்முன் என்பது முன்றில் ஆனதும் இவ்வாறே. இதனை இலக்கணப் போலி என்பர். கதவு வேறு, வாசல் வேறு. கதவு அடைப்பதற்கு உரியது. வாசல் உள்ளே வருவதற்கென விடப்பட்ட திறப்பு.

பழந்தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. ஊடலால் பிரிந்திருக்கும் கணவன் மனைவியரைச் சேர்த்து வைக்கும் தோழி, பாணர் போன்றோரைத் தொல்காப்பியம் "வாயில்கள்" என்றே அழைக்கிறது. யோவான் நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசு தம்மை ஆடுகளுக்கு வாயில் என்கிறார். கடவுளோடு நம்மை ஒப்புரவாக்கிய அவருக்கு இவ்விரு பொருளும் பொருந்துகின்றன அல்லவா!

ஆனால் சேர்க்க வேண்டிய வாசலே பிரித்த வரலாறும் நம் திருச்சபையில் உண்டு. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்தில் பீடம் ஒன்று. ஆனால் கால்சட்டையின் இரு கால்கள் போல இரண்டு கூடங்கள். சாதிவாரியாக மக்கள் தனித்தனியே நுழைந்து, தனித்தனியே அமர்ந்தனர். நடுவே நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் சென்றும் அச்சுவர் மீண்டும் எழவில்லை.

2024 டிசம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்தில் யூபிலி ஆண்டின் புனிதக் கதவைத் திறந்தார். இரண்டு நாள் கழித்து உரோமையின் ரெபிபியா சிறைச்சாலையிலும் ஒரு புனிதக் கதவைத் திறந்தார். எவரும் வெளியே நிறுத்தப்படலாகாது என்பதே அதன் செய்தி.

நம் வீடுகளில் யாரைத் தலைவாசல் வழியாக அழைக்கிறோம்? யாரைக் கொல்லைப்பக்கமாக வரச் சொல்கிறோம்? யாருக்குத் திண்ணையோடு சரி? நம் பங்கு ஆலயத்திலும் இதே கேள்வியைக் கேட்போம். பிரிந்தவரைச் சேர்க்கும் வாயில்களாக நாமும் வாழ இறைவன் அருள்புரிவாராக!