முட்டியில் எலும்பு மட்டுமா இருக்கிறது?

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் தெருவில் பலர் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். கேட்டால், "எலும்பு தேய்ஞ்சு போச்சு சார்" என்பார்கள். எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதிலில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

சுஸ்ருதர் எலும்போடு நின்றுவிடவில்லை. சடலத்தைக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவிட்டு, வெட்டிவேர், மூங்கில் போன்றவற்றால் செய்த தூரிகையால் தோலை மெல்லத் தேய்த்தெடுத்து, உள்ளே இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கச் சொன்னார். கண்டரம் எனும் பெருநாண்கள் 16 என்பது அவர் கணக்கு. இன்றைய கணக்கோடு ஒத்துப்போகாது, போகட்டும். முட்டியை 'ஜானு' என்ற மர்மமாக வைத்து, அங்கே அடிபட்டால் கால் நொண்டும் என்றார்.

1895இல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு, 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயது வேங்கடராமன் நம் ஊர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். பிற்காலத்தில் ரமண மகரிஷிக்கு முட்டிகளில் வலி இருந்தது, தைலம் தேய்த்தார்கள். வாதம் என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எலும்பு, நாண், நார் எல்லாம் அடக்கம். எக்ஸ்ரேயிலும் எலும்புதான் பளிச்சென்று தெரியும், நாண் வெறும் மங்கல் நிழல். கண்ணுக்குத் தெரிந்தவன் மேல்தானே பழி விழும்!

நாணைப் படமாகக் காட்டியது எம்ஆர்ஐ. 1973இல் லாட்டர்பர் முதல் படத்தை வெளியிட்டார். 1977இல் டமேடியன் குழு மனித உடலையே எடுத்தது. (2003 நோபல் பரிசில் டமேடியனுக்கு இடமில்லை. மனிதர் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார்!) இந்தக் கருவி உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனிடமிருந்து சமிக்ஞை வாங்குகிறது. நாணில் உள்ள நீர் கொலாஜன் இழைகளோடு இறுகக் கட்டுண்டு கிடப்பதால் சமிக்ஞை சட்டென்று அடங்கிவிடும். ஆகவே நல்ல நாண் கறுப்பாகத் தெரியும். கறுப்புக்குள் வெளுப்பு வந்தால் சிதைவோ கிழிசலோ இருக்கலாம். இதிலும் ஒரு ஏமாற்று உண்டு: காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகை சாய்ந்திருந்தால், சிலவகைப் படங்களில் நல்ல நாணும் வெளுத்துக் காட்டும்.

முட்டிக்கு முன்னால், தொடைத்தசையின் தடித்த நாண் முட்டிச்சில்லின் மேல்விளிம்பில் பிடிக்கிறது. சில்லுக்குக் கீழிருந்து இன்னொரு பட்டை முழங்கால் எலும்பின் மேட்டுக்குப் போகிறது. உட்பக்கம்தான் சுவாரஸ்யம். மூன்று தசைகளின் நாண்கள் சேர்ந்து, வாத்தின் பாதம் போல விரிந்து ஒட்டுகின்றன. மருத்துவத்தில் பெயரே வாத்துப்பாதம்தான். மூன்றில் ஒன்று தையற்காரர் தசை. அந்தக் காலத்து ஐரோப்பியத் தையற்காரர்கள் சம்மணமிட்டுத் தைத்ததால் வந்த பெயர் என்பார்கள்.

அது ஒட்டும் இடம், மூட்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே. நடந்து வந்து அதே இடத்தை விரலால் அழுத்தி "இங்கதான் சார்" என்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் இருந்த எக்ஸ்ரேயில் தேய்மானமும் இருந்தது. அறுபதுக்கு மேல் யாருக்கு இல்லை? இதற்காக எல்லோரும் எம்ஆர்ஐக்கு ஓட வேண்டாம். அனுபவமுள்ள எலும்பு மருத்துவர் பெரும்பாலும் விரலை வைத்தே சொல்லிவிடுவார். அடுத்த தடவை போகும்போது படத்தை நீட்டுவதற்கு முன், வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.